இடப்பக்கம் விழாத குத்து

குத்துச்சண்டை மேடைக்குக் கீழே நடுவர் நாற்காலியில் புதிதாக உட்காரப் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அழைப்பிதழில் 'ஓய்வு பெற்ற நடுவர்' என்று என்னைப் போட்டிருப்பதைப் படித்துக் காட்டியபோது என் அம்மா சிரித்துவிட்டாள். எனக்கு இன்னும் முப்பத்திரண்டு முடியவில்லை. குன்னத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை வேலை கிடைத்தது. அங்கிருந்து ஞாயிறுதோறும் திருப்பூர் வந்துபோக முடியவில்லை, நாற்காலியை விட்டேன். என் ஓய்வு அவ்வளவுதான்.

எந்தக் குத்துக்கு எத்தனை மதிப்பெண், சீட்டை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. நீங்கள் படித்தவர்கள், படித்துக்கொள்வீர்கள். அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் கைதட்டலைச் சந்தேகப்படுங்கள். கேலியைச் சந்தேகப்படுங்கள். முக்கியமாக, ஒருவன் அடியை வாங்கிக்கொண்டு திருப்பி அடிக்கும்போது அதற்குப் பெயர் தைரியம் என்று ஊரே சொன்னால், அதையும் சந்தேகப்படுங்கள். ஒருவனுடைய மிச்சமிருந்த ஒரு கண்ணைப் பணயம் வைத்து நான் தெரிந்துகொண்டது இது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சாயப்பட்டறையில் துணிமூட்டை இறக்குகிறவர். அம்மா பனியன் கம்பெனியில் வெட்டி விழும் துண்டுத் துணியை நிறம் பிரிக்கிறவள். கட்டிங் வேஸ்ட் என்பார்கள் அதை. நான் உடற்கல்விப் பட்டயம் முடித்து, குத்துச்சண்டை நடுவர் தேர்வும் எழுதித் தேறியபோது மாவட்டத்தில் அந்தத் தேர்வு தேறியவர்கள் மொத்தமே மூன்று பேர். மற்ற இருவரும் மீசை நரைத்தவர்கள். அதில் மூத்தவரைத் தலைமை நடுவர் என்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம். முதல் நாள் அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏனம்மிணி, ரத்தத்தப் பாத்தா மயக்கம் வருமா?"

"வராதுங்க. உங்களுக்கு வருமுங்களா?"

அதற்குப் பிறகு அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. நடுவர் வெள்ளை உடுத்த வேண்டும் என்பது விதி. கல்யாணமாகாத பெண் வெள்ளைச் சேலையா என்று அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைசியில் நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலையில் சமாதானமானோம். அந்தச் சேலையோடு பஸ்ஸில் நிற்கும்போது என்னை நர்ஸ் என்று நினைத்து மாத்திரை கேட்டவர்கள் உண்டு. நடுவர் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். நான் சொல்லாமல் விட்டதில்லை. படித்தவள் என்பதால் குத்துச்சண்டைப் பையன்களுக்கு அப்போதே நான் 'டீச்சர்'.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய பனியன் கம்பெனி ஆட்களுக்கு ஞாயிறு மதியம் சினிமாவை விட்டால் எங்கள் குத்துச்சண்டைதான். ஒரு கம்பெனியின் பின்வாசலில் மேடை. பலகைக்கு மேலே கட்டிங் வேஸ்டைக் கெட்டியாகப் பரப்பித் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருப்பார்கள். விழுந்தால் வலிக்காது. ஆனால் கால் லேசாக அமுங்கும், அதனால் ஓடி ஒதுங்கி ஆடுகிறவனுக்கு அந்த மேடை விரோதி. நின்று அடிக்கிறவனுக்குத்தான் தோது. ஊருக்கும் அதுதான் பிடித்திருந்தது.

கதிர்வேல் நின்று அடிக்கிறவன். பல்லடம் விசைத்தறியில் வேலை பார்த்துவிட்டுக் குத்துச்சண்டைக்காகத் திருப்பூர் வந்தவன். தள்ளி நின்று அளவு பார்க்கிற பேச்சே கிடையாது. மணி அடித்ததும் எதிராளியின் மார்போடு மார்பாக ஒட்டிக்கொள்வான். இரண்டு வாங்கி மூன்று கொடுப்பான். நிற்கும்போது முகத்தை இடப்பக்கமாகத் திருப்பி, கொம்பு நீட்டும் காளை மாதிரி வலது கன்னத்தை முன்னால் வைத்துக்கொள்வான். அது அவனுடைய திமிர் என்று ஊர் கொண்டாடியது. பல்லடத்துப் பையன்கள் பஸ் ஸ்டாண்டில் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன்.

அந்தோணி நேர் எதிர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து சாயப்பட்டறையில் இருந்தவன். இரண்டு கையும் முகத்துக்கு முன்னால் கதவு மாதிரி. எதிராளி வீசினால் அரை அடி பின்னால் போவான். வீசியவன் தடுமாறும் நேரத்தில் வலது கையை ஒரே ஒரு முறை விடுவான். அது தவறாது. மதிப்பெண் சீட்டில் அவனுக்கு நிறைய விழும், கைதட்டல் விழாது.

"ஏப்பா, பொண்ணு பாக்க வந்தியா? முன்னால வா மாப்ள, வெக்கப்படாத!"

"சாயத்தொட்டில கால் வெச்சுப் பழகினவன், பின்னாலயே போறான்!"

அவன் சிரித்துக்கொள்வான். 

எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை மோதி, முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்கள் இறுதிப் போட்டி ஆட வேண்டும். இறுதியில் ஜெயிப்பவன் மெட்ராஸில் மாநிலத் தேர்வுக்குப் போவான். அங்கே எடுத்துக்கொண்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை. தறியில் நிற்கிறவனுக்கும் சாயத்தொட்டியில் நிற்கிறவனுக்கும் அந்த வேலை என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இருவரும் முதல் முறை மோதியபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கதிர்வேல் மேல் அல்ல, அந்தோணி மேல். முதல் சுற்றில் ஒரு முறை வலது கையை ஓங்கி, பாதியில் நிறுத்தினான். அப்புறம் அந்தக் கையை அவன் விடவே இல்லை. மற்ற எல்லாரையும் அந்த வலது கையால்தான் ஜெயித்திருந்தான். இடது கையால் மட்டும், அதுவும் நெஞ்சிலும் விலாவிலும் தட்டிக்கொண்டிருந்தான். தலைக்கு ஒன்றுகூட இல்லை. மூன்று சீட்டும் கதிர்வேலுக்கே விழுந்தன. என் சீட்டும் அவனுக்குத்தான். விழுந்த குத்துக்குத்தான் மதிப்பெண், விழாத குத்துக்குக் காரணம் கேட்டு மதிப்பெண் போட முடியாது. அந்தச் சீட்டை இன்றைக்கும் அப்படியேதான் எழுதுவேன்.

ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசனை. இவனை யாரோ விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இறுதிக்கு இருவருமே வந்துவிட்டதால் இன்னொரு முறையும் இதையே செய்வான். விற்ற சண்டைக்குச் சீட்டு எழுத நான் ஆளில்லை. மறுநாள் சாயப்பட்டறைக்கு எதிரே டீக்கடையில் அவனைப் பிடித்தேன். முழங்கை வரை கருநீலமாக நின்றான்.

"வலது கை என்னாச்சு?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு டீச்சர்."

"யார்கிட்ட வாங்கின?"

அவன் முகம் மாறியது. டீ கிளாஸைக் கீழே வைத்தான். "என்ன பேச்சு பேசுதிய? பைசா வாங்குதவன் இந்தத் தண்ணியில நின்னு தோலு உரியணுமாக்கும்?"

"அப்ப ஏன் அடிக்கல?"

கடைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "நான் வலது கைய ஓங்கினேன்லா. எடது கண்ணுகிட்ட வர கொண்டுபோயிட்டேன். அவன் இமை அசையல. கைய வேணும்னு அங்கேயே நிறுத்திப் பாத்தேன். அப்பவும் அசையல. எடது பக்கம் அவனுக்கு இருட்டு டீச்சர். இருட்டுல நிக்கவன எப்படி அடிக்கது?"

எனக்கு அந்தக் காளைத் தலை ஞாபகம் வந்தது. திமிர் இல்லை அது. இடது கண் தெரியாதவன் நேராகப் பார்க்க வேண்டுமானால் வலது கண்ணை முன்னால் கொண்டுவர வேண்டும். தள்ளி நின்றால் எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்று ஒற்றைக் கண்ணுக்குப் பிடிபடாது. ஒட்டிக்கொண்டால் உடம்பு உடம்பில் படும், கண் வேண்டாம். வீரம் என்று ஊர் கைதட்டியது ஒரு குருடன் சுவரைத் தடவிப் போகிற மாதிரியான வழி. அதோடு, இருக்கிற ஒரே கண்ணை மூன்று சுற்றும் குத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். ஒரு கண் போனவனை மேடை ஏற்றக் கூடாது என்று விதி சொல்வது இதற்காகத்தான்.

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"நான் சொன்னா என்ன சொல்லுவாவ? தெக்கத்தியான் தோத்துப்போனதுக்குக் காட்டிக் குடுத்துட்டான்னு சொல்லுவாவ. அவன் வேலைக்குப் போவட்டும். நான் ஒதுங்கி ஆடிட்டுப் போயிருதேன். எனக்கு ஒதுங்கத் தெரியும்லா."

"நீ ஒதுங்குவ. மெட்ராஸ்ல இருக்கறவன் ஒதுங்குவானா?"

அவன் டீ கிளாஸை எடுத்து மிச்சத்தைக் கீழே ஊற்றினான்.

இங்கேதான் கவனியுங்கள். அந்தோணி செய்தது நல்ல மனசுக்காரன் செய்கிற காரியம். ஆனால் அந்த நல்ல மனசு கதிர்வேலை ஒவ்வொரு படியாக ஏற்றி, அவனை அடிக்கத் தயங்காத ஒருவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப் போகிறது. மேடையில் ஒதுங்குவது தற்காப்பு. மேடைக்கு வெளியேயும் ஒதுங்கினால் அதை நான் தற்காப்பு என்று எழுத மாட்டேன்.

இருந்தாலும் அந்தோணி சொன்னதை மட்டும் நம்பிவிட நான் தயாராக இல்லை. எதிராளியைப் பற்றி எதிராளி சொல்வது சாட்சி ஆகாது. இறுதிப் போட்டியன்று காலை எடை பார்க்கும் இடத்துக்குப் போனேன். கதிர்வேல் கையெழுத்துப் போட்டு முடித்ததும் பேனாவை நான் வாங்கிக்கொண்டேன், மூடி அவன் கையில் இருந்தது. பேனாவைக் கை நீளத்துக்கு நீட்டிப் பிடித்து, "மூடு" என்றேன். மூடி பேனாவுக்கு முன்னாலேயே காற்றில் நின்றது. மறுபடி கொண்டுவந்தான், பக்கத்தில் தவறிப் போனது.

"பேனா மூடறதுக்கும் பரிச்சை வெக்கறீங்களாங் டீச்சர்?" என்று சிரித்தான்.

"இடது கண்ணு எப்பப் போச்சு?"

சிரிப்பு நின்றது. சுற்றிலும் பார்த்தான். அதற்குக்கூட முழுத் தலையையும் திருப்ப வேண்டியிருந்தது.

"தறில நாடா பறந்துருச்சுங்க" என்றான். நூலை ஏந்திக்கொண்டு தறியில் இங்கும் அங்கும் ஓடுகிற, இரண்டு முனையிலும் இரும்புக் கூர் வைத்த கட்டைக்கு நாடா என்று பெயர். வேகத்தில் சில சமயம் வெளியே பறக்கும். "பாக்க நல்லாத்தானுங் இருக்குது கண்ணு. உள்ளதான் ஒன்னுமில்ல."

"டாக்டர் பரிசோதனையில எப்படித் தப்பிச்ச?"

"அவரு தலையக் குனிஞ்சு எழுதிட்டே இருந்தாருங்க. ஒரு கண்ண மூடிட்டுப் படின்னாரு, படிச்சனுங்க. மாத்தி மூடுன்னாரு. கையத்தானுங் மாத்துனேன், கண்ண இல்லீங்க." சொல்லும்போது அவனுக்கே கொஞ்சம் பெருமை வந்துவிட்டது. உடனே குரல் தழைந்தது. "டீச்சர், இன்னிக்கு ஒரு நாளுங். அப்பறம் மெட்ராஸ். வேலை கெடச்சா நான் இந்தப் பக்கமே வரமாட்டேனுங்க."

"இன்னொரு கண்ணும் போனா?"

"போனா மறுபடி தறிக்குப் போன்னு யாரும் சொல்ல மாட்டாங்கல்லீங்?"

நான் சிரிக்கவில்லை. "நீயே போய்ச் சொல்லிடு. கை வலி, காய்ச்சல், என்னமோ சொல்லி வெலகிக்க. இல்லீன்னா நான் சொல்லுவேன்."

"சொல்ல மாட்டீங்க" என்றான். "உங்கப்பாவும் மூட்டை தூக்கறவருதானுங்களே."

அது சரியான இடத்தில் விழுந்த குத்து. ஒத்துக்கொள்கிறேன்.

தலைமை நடுவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விசிறிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "டாக்டரு பாஸ் போட்டுட்டாரு. நீ பாயிண்டப் போடு அம்மிணி. வெளிய எத்தனை சனம் பாத்தியா? இப்பப் போயி நிறுத்தினா மேடையப் பிரிச்சு அடுப்புல வெச்சுருவானுக." அவருக்கு முன்பே தெரிந்திருக்குமோ என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு. நிரூபிக்க முடியாததால் அதற்கு மேல் சொல்லவில்லை.

மதியம் இருவரும் மேடை ஏறினார்கள். கதிர்வேல் சிவப்பு மூலை, அந்தோணி நீல மூலை. கதிர்வேல் என்னைப் பார்த்தான். நான் என் சீட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய்த் தலைமை நடுவர் மேசையில் வைத்தேன்.

"நான் எழுத மாட்டேனுங்க."

மூன்று சீட்டு இல்லாமல் இறுதிப் போட்டி செல்லாது. நான்காவது ஆள் மாவட்டத்தில் கிடையாது. நான் படித்த படிப்பு அன்றைக்குப் பயன்பட்டது அப்படித்தான்: நான் எழுந்துவிட்டால் என் நாற்காலியில் உட்கார ஆள் இல்லை.

காரணத்தை மைக்கில் சொல்லவில்லை. டாக்டரைக் கூப்பிட்டு இன்னொரு முறை கண்ணைப் பார்க்கச் சொன்னேன், அவ்வளவுதான். கூட்டத்துக்கு அதுவே போதுமாக இருந்தது.

"சாயப்பட்டறைக்காரன் நல்லாக் கவனிச்சுட்டான்டோய் டீச்சர!"

"தெக்கத்தி மாப்பிள்ளை புடிச்சுப் போச்சாட்ட இருக்குது! பத்திரிகை எப்பங்க?"

முந்தைய வாரம் அந்தோணி மேல் நான் பட்ட அதே சந்தேகம்தான் என் மேல் திரும்பியிருந்தது. காது எரிந்தது. வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். உங்களுக்கும் இது நடக்கும். அப்போது பதில் பேசாதீர்கள். பேசினால் நீங்களும் மேடையில் ஏறிவிட்டதாக அர்த்தம்.

டாக்டருக்குக் கோபம். "நான் பாத்துப் பாஸ் பண்ணினதும்மா இது."

"உங்க கையால மூடிப் பாருங்க சார். அவன் கையால வேண்டாம்."

அவர் மேடை ஏறினார். கதிர்வேலின் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் இறுக்கி மூடினார். மற்ற கையில் விரல் நீட்டிக் காட்டி, "எத்தனை?" என்றார்.

கதிர்வேல் வாய் திறப்பதற்குள் கூட்டம் கத்தியது: "மூணு! மூணு!"

"மூணுங்க" என்றான்.

கூட்டம் கைதட்டியது. டாக்டர் விரலை மாற்றினார். "ரெண்டு! ரெண்டு!" என்றது கூட்டம். "ரெண்டுங்க" என்றான் அவன். அவர்களுக்கு அது விளையாட்டு. தங்கள் ஆளைத் தாங்கள் காப்பாற்றுகிறோம் என்ற சந்தோஷம். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் இப்போது சந்தேகம் வந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்துச் சும்மா இருக்கச் சொன்னார், கேட்கவில்லை. அப்போது அவர் ஒன்று செய்தார். நீட்டிய கையை மடக்கி, கீழே தொங்கவிட்டார். ஒரு விரலும் இல்லை.

"இப்ப எத்தனை?"

கூட்டத்துக்கு என்ன கத்துவதென்று தெரியவில்லை. பின்வாசல் அமைதியானது. கதிர்வேல் காத்துக்கொண்டிருந்தான். தலையைக் கொஞ்சம் சாய்த்து, காதைக் கூட்டத்தின் பக்கம் கொடுத்து, ஒரு குரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். நெற்றியில் வியர்வை இறங்கியது.

நீல மூலையிலிருந்து, அவனுடைய இடது பக்கத்திலிருந்து, ஒரு குரல் வந்தது. உரக்கக்கூட இல்லை.

"அஞ்சு."

"அஞ்சுங்க" என்றான் கதிர்வேல்.

டாக்டர் கையை எடுத்தார். கதிர்வேல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, முதலில் டாக்டரின் தொங்கும் கையைப் பார்த்தான். பிறகு முழுத் தலையையும் திருப்பி அந்தோணியைப் பார்த்தான். அந்தோணி முகத்துக்கு முன்னால் கையை வைக்கவில்லை. இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, எது வந்தாலும் வாங்கிக்கொள்கிற மாதிரி நின்றான். எதுவும் வரவில்லை. கதிர்வேல் கயிற்றைத் தடவிப் பிடித்து இறங்கிப் போனான். கூட்டத்தில் யாரும் கத்தவில்லை. வழி மட்டும் விட்டார்கள்.

இதில் நல்ல முடிவு என்று எடுத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அந்தோணியை ஜெயித்தவன் என்று அறிவித்தார்கள், மெட்ராஸ் போனான், முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினான். அரசாங்க வேலை இருவருக்குமே இல்லை. அந்தோணியைத் துரோகி என்று சொன்னவர்கள் உண்டு. என்னை அதைவிட மோசமாகச் சொன்னவர்கள் உண்டு. டாக்டர் மட்டும் அதற்குப் பிறகு தன் கையால்தான் கண்ணை மூடினார். கதிர்வேலுக்கு வேறு வேலைக்காக நான் இரண்டு கம்பெனிகளில் பேசிப் பார்த்தேன். நான் சொன்ன இடம் என்று தெரிந்ததும் அவன் போகவில்லை.

உங்களிலும் யாரோ ஒருவர் கேட்பீர்கள்: ஒரு வேலையைக் கெடுத்தாயே, அவன் கண்ணுக்கு ஒன்றும் ஆகாமலே போயிருக்கலாமே? போயிருக்கலாம். அந்தக் கேள்விக்கு என்னிடம் சீட்டு எதுவும் இல்லை.

போன வருஷம் பல்லடத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். சாயங்காலம், கோயம்புத்தூர் பஸ்ஸும் உடுமலைப்பேட்டை பஸ்ஸும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஹாரன் அடிக்கிற நேரம். எதிர்ப் பக்கக் கூட்டத்தில் ஒருவன் நடப்பதை நிறுத்தினான். அத்தனை தலைகளுக்கும் வண்டிகளுக்கும் நடுவே, நான் அவனைக் கவனிப்பதற்கு முன்பே, அவன் என்னை அடையாளம் கண்டுகொண்டிருந்தான். முகத்தை இடப்பக்கமாகத் திருப்பி, நேராக என்னைப் பார்த்தான். பிறகு காறித் துப்பிவிட்டு, வேகமாக வந்த ஒரு லாரிக்குச் சரியாக வழிவிட்டு, சாலையைக் கடந்து போனான்.

நான் பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது.